கேமரா வாங்கும் முன்

பொருள் ஒன்றை வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது சிறிய காரியம்தான். கடைத்தெருவில் நாம் அனைவரும் நாள்தோறும் செய்வதுதான். ஆயினும் சில வேளைகளில் அத்தகைய சிறிய காரியம் ஒன்று நம்மை வழிமறித்து, "நீ எதை மதிக்கிறாய்? யாருக்காக இதைத் தேடுகிறாய்?" என்று கேட்டுவிடுகிறது. கொல்லிமலையில் உள்ள எங்கள் பங்கிற்குப் புதிய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி, கடந்த சில மாதங்களாக என்னை அவ்வாறுதான் வழிமறித்து நின்றது. அதையொட்டி எழுந்த எண்ணங்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கேமரா இல்லாத இல்லம் இன்று அரிது என்பதால், இக்கேள்வி ஒரு பங்குக் குருவானவருக்கு மட்டும் உரியதன்று.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சோளக்காடு. அதனை அடுத்துச் செம்மேடு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும், மிளகும் காப்பியும் பலாவும் விளையும் பூமி. மழைக்காலம் தொடங்கிவிட்டால் பகல் பத்து மணிக்கும் பனிமூட்டம் ஆலயத்து வாசலைவிட்டு விலகாது. துணி உலராது, உப்புக் கசியும், புத்தகங்களின் ஓரம் பழுத்துப்போகும். இந்த ஈரத்தில்தான் எங்கள் பங்கின் பழைய கேமரா தன் இறுதி நாள்களைக் கழித்தது. எனக்கு முன் இங்குப் பணியாற்றியவர்களின் காலத்தில் வாங்கப்பட்ட பத்து மெகாபிக்சல் கருவி அது. ஒரு நாள் அதன் லென்சை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறம் மரத்தின் வேர்களைப்போலப் பூஞ்சை கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. சேலத்தில் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். பூஞ்சையைத் துடைக்கலாம் என்றும், ஆனால் அது உமிழும் அமிலம் கண்ணாடியை அரித்த தழும்பைத் துடைக்க முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

அச்சமயத்தில்தான், எங்கள் பங்கிலிருந்து சென்று வெளிநாட்டில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பினார். "சாமி, நல்ல கேமராவா ஒன்னு வாங்கிக்கங்க" என்பது அவருடைய வேண்டுகோள். திருவிழாக் கணக்கில் எஞ்சியிருந்த இருபதாயிரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் எனப் பங்குப் பேரவையில் ஒருவர் முன்மொழிந்தார். ஆக, அறுபதாயிரம் ரூபாய் கைவசம் இருந்தது. கடைக்குச் செல்லவேண்டியது மட்டுமே மிச்சம். ஆனால் என் மனம்தான் செல்லவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. ஒளிப்படக்கலை என் இளமையின் விருப்பம். நான் குருமடத்தில் பயின்ற நாள்களில், முதிய குருவானவர் ஒருவரிடம் ஆக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய கேமரா இருந்தது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். பன்னிரண்டே இருந்ததால் அவர் ஒவ்வொன்றையும் எடுக்குமுன் நெடுநேரம் பார்ப்பார். "முதலில் கண்ணால் எடு, பிறகு கருவியால் எடு" என்பது அவருடைய பாடம். அன்று பற்றிக்கொண்ட ஆசை இன்னும் அணையவில்லை. வளைவுகளில் தவழ்ந்து ஏறும் முகிலையும், ஆகாய கங்கையின் நீர்த்திரையையும், மழை ஓய்ந்த மாலையில் மிளகுக்கொடியில் வந்தமரும் பறவையையும் காணும்போது விரல் தானாகவே மடங்குகிறது. எனவே, "பங்கிற்காக வாங்குகிறேன்" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் "எனக்காக" என்பது எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஆசை தீயதன்று. ஆனால் பிறர் பணத்தில் அது நிறைவேறும்போது அதற்குக் கணக்குக் கேட்கப்படுவது நியாயமே.

பேரவையில் எழுந்த குரல்கள்

பேரவைக் கூட்டத்தில் இதனை விவாதத்திற்கு வைத்தேன். இளைஞர்கள் சிரித்தார்கள். "கையில போன் இருக்கறப்ப கேமரா எதுக்குங்க சாமி?" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. உலகெங்கும் 2010-ஆம் ஆண்டில் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்களைச் சப்பானிய நிறுவனங்கள் அனுப்பின. 2023-இல் அந்த எண்ணிக்கை எண்பது இலட்சத்தையும் எட்டவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு பெருந்தொழிலைக் கைப்பேசி ஏறக்குறைய விழுங்கிவிட்டது.

வேறொருவர், மழைக்கு ஒழுகும் மறைக்கல்வி அறையின் கூரையைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதும் சரியே. அடுத்த கூட்டத்தில் அதற்கெனத் தனி நிதி திரட்டுவதென முடிவு செய்தோம்; இளைஞர் அனுப்பிய பணத்தை அவர் சொன்ன நோக்கத்திற்கு அப்பால் திருப்பிவிட நமக்கு உரிமையில்லை என்பதும் அங்கே பேசப்பட்டது.

இறுதியாக, அன்பியத் தலைவி ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார்: "போன்ல எடுத்த படமெல்லாம் போனோடயே போயிருதுங்க சாமி. எங்க மாமியா செத்தப்ப சுவத்துல மாட்ட ஒரு படங்கூட இல்ல." கூட்டம் அமைதியாயிற்று. அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னது தம் வீட்டுக் கதையாகவே இருந்தது. எனக்கும் அது தெரிந்ததுதான்.

கட்டைவிரல் அளவு முகம்

மலைக்கு வந்த நாள்முதல் நான் கண்டுவரும் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் மூத்தவர் ஒருவர் இறந்துவிட்டால், அன்று மாலையே மகனோ பேரனோ என்னிடம் வருவார். கையில் ஆதார் அட்டை இருக்கும். அல்லது மூலை மடிந்த வாக்காளர் அடையாள அட்டை. "இதுல இருக்கற மூஞ்சிய மட்டும் பெருசாக்கித் தரணுங்க சாமி." அரசு அலுவலர் ஒருவர், வரிசையில் நின்ற நூறு பேரில் ஒருவராக நிறுத்தி, கண் சிமிட்டும் நேரத்தில் எடுத்த படம் அது. மிரண்ட விழிகள், பின்னால் ஒரு வெள்ளைத் துணி, கலைந்த தலைமுடி. எழுபது ஆண்டுகள் இந்த மண்ணைக் கொத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பலாவும் தினையும் விளைவித்த ஓர் உயிரின் முகமாக இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்தக் கட்டைவிரல் அளவுச் சதுரமே.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிறிய படத்தில் இல்லாத விவரத்தை எந்தக் கணினியும் உள்ளபடி மீட்டுத்தர இயலாது. கண்கள் கரும்புள்ளிகளாகின்றன, கன்னம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. இப்போதைய மென்பொருள்கள் அதைத் துலக்கிக் காட்டுகின்றன என்பது மெய்தான்; ஆனால் அவை இல்லாத கண்ணையும் இல்லாத சுருக்கத்தையும் ஊகித்து வரைகின்றன. ஒருமுறை அவ்வாறு துலக்கிய படத்தைக் கண்ட மூதாட்டி ஒருவர், "நல்லாத்தான் இருக்குது, ஆனா எங்க அக்கா மாதிரி இல்லீங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது.

நம் பங்குகளில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கெனப் பதிவேடுகள் உண்டு. அவற்றை ஒழுங்காக எழுதிக் காக்க வேண்டுமெனத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண் கட்டளையிடுகிறது. அரசர்களின் பட்டியலில் இடம்பெறாத ஏழையின் பெயரும் அந்த ஏடுகளில் இடம்பெறுகிறது. அவற்றைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வணக்கம் தோன்றும். ஆனால் அந்த ஏடுகளில் பெயர் உண்டு, முகம் இல்லை.

ஆளுநர் கேட்ட கேள்வி

கேமரா ஆடம்பரமா, தேவையா என்ற கேள்வி புதிதன்று. நம் நாட்டிலேயே அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியாகிய லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857, 1858-ஆம் ஆண்டுகளில் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தமிழகத்தைச் சுற்றினார். சீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களை எடுத்தார். அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையும் அதைச் சார்ந்த இடங்களும் அவருடைய தொகுதிகளுள் ஒன்றாயின. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை, எங்கள் கொல்லிமலையும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே என்பதால், அந்தத் தொகுதியின்மீது எனக்குத் தனிப் பாசம்.

ஆனால் 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமே இது எனக் கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். ஆளுநர் கேட்ட கேள்வியில் தவறில்லை. வரி செலுத்தும் உழவனின் பணத்தில் படம் எடுக்க வேண்டுமா என்று கேட்பது ஆட்சியாளரின் கடமை. எனினும், டிரைப் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்த அந்தப் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் அழியாமல் இருக்கின்றன. கோபுரங்கள் அன்று எப்படி நின்றன என்பதற்கு அவையே சாட்சி. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அவற்றில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் கோயில்களும் கோட்டைகளும். மனித முகங்கள் அரிது. அன்றைய கருவிக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டது என்பது ஒரு காரணம். அரசுக்குக் கட்டடங்களே முதன்மையாகத் தேவைப்பட்டன என்பது மற்றொன்று. எதைப் படமெடுக்கிறோம் என்பதில், எதை மதிக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

கருவியின் கணக்கு

இனிக் கருவியைப் பற்றிச் சிறிது. விளம்பரங்கள் மெகாபிக்சல் என்னும் எண்ணை ஓங்கி ஒலிக்கின்றன. டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கியபோது, அதன் படத்தில் நீளத்திற்கு நூறு, அகலத்திற்கு நூறு எனப் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய இருபத்து மூன்று விநாடிகள் ஆயின. இன்று இரண்டு கோடிப் புள்ளிகள் சாதாரணம். ஆனால் நமக்கு எவ்வளவு தேவை? சுவரில் மாட்டும் ஏ4 அளவுப் படத்தை, அங்குலத்திற்கு முந்நூறு புள்ளிகள் வீதம் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள் போதும். அதாவது ஒன்பது மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. பழுதாகிவிட்ட எங்கள் பழைய கேமராவே அந்த வேலைக்குப் போதுமானதாயிருந்தது!

அப்படியானால் கைப்பேசி போதாதா? வெட்டவெளியில், நல்ல பகலில் போதும். ஆனால் மலைவீட்டின் உள்ளே, சிறு சாளரத்தின் வழியே வரும் மங்கல் ஒளியில், அல்லது பனிமூடிய காலைத் திருப்பலியில், ஒளியை வாங்கும் சில்லின் பரப்பே படத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கைப்பேசியின் சில்லு பொதுவாகச் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாதாரண டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் சில்லு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அகன்ற வாயுள்ள பாத்திரம் மழைநீரை மிகுதியாகப் பிடிப்பதுபோல் அது ஒளியைப் பிடிக்கிறது. கைப்பேசி தன் குறையை மென்பொருளால் ஈடுசெய்யும்போது, பாட்டிமாரின் முகச்சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அந்தச் சுருக்கங்களோ எங்களுக்கு வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பெரிய நிறுவனங்கள் இப்போது மிரர்லெஸ் எனப்படும் புதுவகைக் கேமராக்களில் கவனம் செலுத்துகின்றன. எனவே பழைய எஸ்.எல்.ஆர். வகைக் கருவிகளும் அவற்றின் லென்சுகளும், நல்ல நிலையில் உள்ளவை, புதியவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. புதியது வருவதனாலேயே பழையதன் பார்வை மங்கிவிடுவதில்லை.

கண்ணாடி வைத்துக்கொள்ளாத மூதாட்டி

இவ்வளவும் எண்ணியபோது, இந்த மலையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணியின் நினைவு என்னை ஆட்கொண்டது. அவர் நம் சபையைச் சார்ந்தவர் அல்லர்; ஆயினும் கொல்லிமலையில் அவர் பெயரை அறியாத முதியோர் குறைவு. ஈவ்லின் பிராண்ட் அம்மையார். அவருடைய கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், காய்ச்சலுக்கு அஞ்சிப் பலரும் ஏறத் தயங்கிய இம்மலையில் மருத்துவமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் தந்து, 1929-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கொடிய மலைக்காய்ச்சலால் இறந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் மீட்டு உலகப்புகழ் பெற்றவர். ஒன்பது வயதில் படிப்பிற்காக இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்ட அந்த மகன், தந்தையை மீண்டும் காணவே இல்லை. ஆறு ஆண்டுகள் தந்தை அவருக்குக் கடிதங்களாகவே வாழ்ந்தார்.

அம்மையார் ஓய்வு பெற்ற பின்னும் மலைக்கே திரும்பி வந்து, குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று பணியாற்றி, 1974-இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். அவர் ஓவியம் பயின்றவர், அழகை அறிந்தவர். அத்தகையவர் தம் வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய மகன் எழுதியுள்ளார். வெயிலும் காய்ச்சலும் விபத்துகளும் அந்த முகத்தை உழுது வைத்திருந்தன. ஆனால் அந்த முகம் தமக்குக் காட்சியளித்ததைவிட மலைமக்களுக்கே காட்சியளித்தது. அவர்களுக்கு அது நலம் வருகிறது என்னும் செய்தியாயிருந்தது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து, படம் எதற்கு என்று தள்ளிவிடலாம் என ஒருவர் முடிவு செய்யக்கூடும். நான் வேறுவிதமாகப் பொருள் கொண்டேன். நம் முகம் நமக்காக அன்று. அது பிறருக்காகக் கொடுக்கப்பட்டது. தன்னையே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அவருக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அவரை அன்பு செய்தவர்களுக்கு அவர் முகம் தேவைப்பட்டது. கைப்பேசியைத் திருப்பிப் பிடித்துத் தம்மைத் தாமே நூறுமுறை எடுத்துக்கொள்ளும் இக்காலத்தில், இந்த வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. ஒரே கருவி கண்ணாடியாகவும் ஆகலாம், நினைவுச்சின்னமாகவும் ஆகலாம்.

குருமடத்தில் இறையியல் படித்தபோது, கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கத்தைப் பற்றிக் கற்றோம். உருவங்களை உடைக்கவேண்டும் என்போருக்கும் வைக்கவேண்டும் என்போருக்கும் இடையே நெடுநாள் நடந்த போராட்டத்தை அது தீர்த்துவைத்தது. உருவத்திற்குச் செய்யும் வணக்கம் அதில் சித்திரிக்கப்பட்டவரையே சென்றடைகிறது என்பதே அதன் சாரம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இக்கருத்தின் பொருளை, மலைவீட்டுச் சுவரில் மாட்டிய மங்கிய ஆதார் படத்திற்கு ஒரு பேரன் காட்டுப்பூ சூட்டியதைக் கண்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். பின்னாளில் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் பெச்சி, 1867-இலேயே ஒளிப்படக் கலையைப் புகழ்ந்து இலத்தீனில் ஒரு கவிதை இயற்றினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அதே வேளையில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017-ஆம் ஆண்டு நவம்பரில் தம் புதன் மறையுரையில், திருப்பலியின்போது பொதுநிலையினர் மட்டுமன்றிக் குருக்களும் ஆயர்களும்கூடக் கைப்பேசிகளை உயர்த்திப் படமெடுப்பதைக் கண்டு தாம் வருந்துவதாகக் கூறினார். இதயத்தை உயர்த்த வேண்டிய நேரத்தில் கைப்பேசியை உயர்த்துகிறோம் என்பது அவர் கவலை. புகழ்ச்சியும் எச்சரிக்கையும் ஒரே கருவிக்கு உரியவை என்பதில் முரண்பாடு இல்லை.

யார் கையில், யார் முகம்?

வாங்குவதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. விடுமுறை நாள்களில் மலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் வண்டியை நிறுத்தி, விறகு சுமந்து வரும் பெண்களைக் கேளாமலே படமெடுத்துச் செல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எடுத்தவருக்கு ஒரு படம் கிடைக்கிறது. எடுக்கப்பட்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நம்மிடமும் இதையொத்த வழக்கம் ஒன்று இல்லாமல் இல்லை. போர்வையோ புத்தகமோ கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, உதவி செய்தவர்களுக்கு அனுப்புவதற்காகப் படமெடுக்கிறோம். பெற்றவரின் கூச்சம் கொடுத்தவரின் சான்றாகிவிடுகிறது. கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவது நேர்மை, அதில் ஐயமில்லை. ஆனால் கணக்குக்குச் சீட்டு உண்டு, அறிக்கை உண்டு. ஒரு குழந்தையின் முகம் சீட்டாகிவிடக் கூடாது.

ஆகவே, எந்தக் கேமராவை வாங்குவது என்பதற்கு முன்னரே மூன்று ஒழுங்குகளைப் பேரவையில் பேசி எழுதிவைத்தோம். முதலாவது, கேளாமல் எவரையும் எடுப்பதில்லை. வேண்டாம் என்பவரை மீண்டும் வற்புறுத்துவதில்லை. இரண்டாவது, எடுத்த படத்தின் முதல் பிரதி படத்தில் உள்ளவருக்கே, அதுவும் காகிதத்தில். மூன்றாவது, பிள்ளைகளின் படம் பெற்றோரின் இசைவின்றி மலையைவிட்டுக் கீழே இறங்குவதில்லை.

ஒழுங்குகள் உருவானதும் முடிவு எளிதாயிற்று. பயனை அறியாமல் பொருளைத் தேடும்போது விலைப்பட்டியல் நம்மை ஆள்கிறது. பயன் தெளிவானபின் விலைப்பட்டியலை நாம் ஆள்கிறோம். எங்கள் தேவை பறவைகளைத் தொலைவிலிருந்து எடுப்பதன்று. வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் ஒரு முகத்தை எடுப்பது. அதற்குத் தொலைநோக்கு லென்சு வேண்டியதில்லை. எனவே புதிய கேமராவைக் கைவிட்டோம். நல்ல நிலையில் உள்ள பழைய எஸ்.எல்.ஆர். ஒன்றும், அதற்கு 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றும் இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தன. பங்கில் உள்ள நூற்று நாற்பது குடும்பங்களுக்கும் வீட்டுக்கு ஒன்றாக, சட்டமிட்ட ஏ4 படத்திற்கு இருநூறு ரூபாய் வீதம் இருபத்தெட்டாயிரம் ஒதுக்கினோம். படங்களைச் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க்குகள், ஒரு கூடுதல் பேட்டரி, காற்றுப்புகாத பெட்டி ஆகியவற்றுக்கு எஞ்சிய பத்தாயிரம். பணம் அனுப்பிய இளைஞரிடம் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்க ஆயாவ முதல்ல எடுங்க சாமி" என்றார்.

அந்தப் பெட்டிக்குள் நீலநிறச் சிலிக்கா மணிகளைப் போட்டுவைத்திருக்கிறோம். ஈரத்தை உறிஞ்சியதும் அவை இளஞ்சிவப்பாகிவிடும். வாணலியில் இட்டு மெல்ல வறுத்தால் மீண்டும் நீலமாகும். பீடச்சிறுவர் இருவர் வாரந்தோறும் அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். இனிப் பூஞ்சைக்கு எளிதில் இடம் தரமாட்டோம். கேமரா பங்கின் உடைமைப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளது. ஆயர் அவர்கள் என்னை வேறு பங்கிற்கு அனுப்பும் நாளில் அது என் பெட்டியில் ஏறாது. என் இளமை ஆசைக்கும் இதில் குறைவில்லை. முகிலைவிட முகம் பார்ப்பதற்கு அரியது என்பதை இப்போது கற்றுவருகிறேன்.

காகிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சிலர் கேட்கலாம். நம் நீலகிரியில், உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஒன்று இருந்தது. 'இந்து' என்னும் பெயரில் அது தந்த கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் தாளிலும் நம் பெற்றோரின் திருமணங்கள் பல பதிவாயின. காலமாற்றத்தைத் தாங்காமல் அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய கோடாக் நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. நிறுவனங்கள் மறைகின்றன, கருவிகள் மாறுகின்றன, குறுந்தகடுகளைப் படிக்கும் பொறி இன்று பல கணினிகளில் இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் பதிந்த பாட்டனாரின் முகத்தைப் பார்க்க இன்றும் ஒரு சாளரத்தின் வெளிச்சம் போதும்.

வாசக அன்பர்களே, புதிய கேமரா வாங்க எண்ணுவோர் தாராளமாக வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு முன், கையில் இருக்கும் கருவியில் உறங்கும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். வீட்டில் முதியவர் இருப்பாராயின், அவர் விரும்பும் உடையில், அவர் விரும்பும் இடத்தில், அவசரமின்றி ஒரு படம் எடுங்கள். பிறகு படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் நாளையும் எழுதிவையுங்கள். பெயரற்ற படம் இரண்டு தலைமுறைக்குப் பின் எவருடையதோ ஆகிவிடும். பெயரோடு கூடிய முகம் நம் குடும்பத்தில் என்றும் ஒருவராக இருக்கும்.

எங்கள் பங்கில் இதுவரை முப்பத்தோரு வீடுகள் முடிந்துள்ளன. இன்னும் நூற்றொன்பது வீடுகள் உள்ளன. மழை வலுக்குமுன் முடிக்க வேண்டும்.